கடிக்காத மிளகு

மட்டாஞ்சேரி பஜாருக்கு ஒரு துபாய் பார்ட்டி வரப்போகிறது, ஒரு கன்டெய்னர் நிறைய மிளகு வேண்டுமாம் என்ற சேதி, பார்ட்டியின் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் கிடங்கு கிடங்காகப் பரவிவிட்டது. பரப்பியவள் ரஜிதா, துப்பறிவாளர் வெங்கிட்டுவின் உதவியாள். ஒரு சாயாக் கடையில் ரகசியம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குமேல் அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பார்ட்டி ஆட்டோவை விட்டு இறங்கினாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, கறுப்புக் கண்ணாடி, தோளில் பெரிய தோல் பை. புடவை அவளுடைய கல்யாணப் புடவை. கண்ணாடி ரஜிதாவுடையது. பைக்குள் இருந்தவை அவள் புருஷனின் எக்ஸ்ரே படங்கள்.

பெயர் மீனாக்ஷி. திருப்பூணித்துறையில் கணக்கு டீச்சர். துபாயை அவள் டெலிவிஷனில் பார்த்ததோடு சரி.

"சேச்சி, வாயே தொறக்காதீங்க. உதட்டை இப்படிச் சுளிச்சா போதும். ரொம்பக் காசு உள்ளவங்க பேசறதில்ல, கேட்டோ?" என்று ரஜிதா பாடம் எடுத்தாள். எடுத்த வாயில் பாதி முட்டை இருந்தது. தள்ளுவண்டிக்காரன் அவித்த முட்டையை நூலால் பிளந்து, ஒரு தகர டப்பாவிலிருந்து மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவிக் கொடுத்திருந்தான்.

வெங்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையிலிருந்தே கைக்குட்டை அவர் மூக்கில்தான் இருந்தது. தெருவில் ஆட்டுப் புழுக்கை, உப்பங்கழி வாடை, அழுகிய வெங்காயம், அதன்மேல் ஒரு போர்வை போல ஏலக்காய் மணம். மிளகுத் தரகர் வீட்டில் பிறந்து, இதே தெருவில் பேரம் கேட்டே வளர்ந்து, தரகு என்றாலே குமட்டிப்போய்த் துப்பறிய வந்தவர். பொய் சொல்வதை இங்கே யாரும் பாவமாக நினைப்பதில்லை. சரியாகச் சொல்லத் தெரியாததைத்தான் நினைப்பார்கள்.

"சாரே, எங்கம்மா கார்ப்பரேஷன்ல இத்தனை வருஷம் குப்பை அள்ளினாங்க. ஒரு நாள் மூக்கைப் பொத்தினதில்ல" என்றாள் ரஜிதா.

"உங்கம்மா அள்ளினது குப்பைன்னு எழுதி வெச்ச குப்பை. இங்க அதுக்கு லேபிள் ஒட்டி விக்கறா."

விஷயம் இதுதான். போன மாதம், கிழக்கு மலையோரத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன விமானம் மரவள்ளித் தோட்டத்தில் வந்து விழுந்தது. ஓட்டியவன் மீனாக்ஷியின் புருஷன் சுதர்ஷன். தோள் எலும்பும் இரண்டு விலாவும் முறிந்து, உயிர் தப்பியது. ஆனால் வேலை தப்புமா என்பது நாளைக் காலை விசாரணையில் தெரிந்துவிடும்.

எஞ்சின் இருமியது, உடனே மருந்துத் தொட்டியின் லீவரை இழுத்து மொத்தத்தையும் கொட்டிவிட்டேன், பாரம் குறைந்தும் விமானம் மேலே நிற்கவில்லை என்றான் சுதர்ஷன். அவன் லீவரைத் தொடவே இல்லை, பயத்தில் கை மரத்துப்போய்ப் பாரத்தோடு விழுந்தான் என்றார் விமானக் கம்பெனி முதலாளி பினு. விழுந்த இடத்துக்கு முதலில் ஓடியவர்கள் பினுவின் ஆட்கள். தொட்டியின் கதவு மூடியிருந்தது என்று அவர்கள்தான் சாட்சி. பிறகு ஒரு கோடை மழை வந்து தோட்டத்தைக் கழுவிவிட்டுப் போனது. பினு சொன்னதே நின்றுவிட்டால் சுதர்ஷனின் லைசென்ஸ் போய்விடும். எஞ்சின் ஏன் இருமியது என்று அப்புறம் யாரும் கேட்கப் போவதில்லை. பினுவுக்கு வேண்டியதும் அதுவே.

சுதர்ஷன் ஒன்று சொல்லியிருந்தான். லீவரை இழுத்தபோது கீழே ஒரு வீட்டு முற்றம் கறுப்பாகத் தெரிந்தது. பச்சையும் நீலமுமாக மருந்து அதன்மேல் ஒரு திரை போல இறங்கியது.

அந்த முற்றத்தை வெங்கிட்டு முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டார். சிமென்ட் தரை. மிளகு காயப்போடுகிற முற்றம். வீட்டுக்காரர் சாயா கொடுத்து, அன்றைக்கு முற்றத்தில் ஒன்றுமே காயவில்லை, வெறும் தரை என்று சத்தியம் செய்தார். வெயில் கொளுத்துகிற மீன மாதத்தில், மிளகு வைத்திருக்கிறவன் முற்றத்தைச் சும்மா போட்டிருந்தானாம். சாயாவை வெங்கிட்டு குடிக்கவில்லை. வெளியே வந்து பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுத்ததில், விமானம் விழுந்த அன்று மத்தியானமே மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு லாரி வந்து அந்த வீட்டில் சாக்கு ஏற்றிப் போனது தெரிந்தது. சாக்குகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததாம்.

ஈர மிளகை எந்த வியாபாரியும் லாரியில் ஏற்ற மாட்டான். ஏற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். அவசரமாக ஏற்றினான் என்றால், காய்வதைவிட மறைவது முக்கியம்.

"இலையில மருந்து இருந்தா, தெளிச்சதுன்னு பினு சொல்லிடுவான். ஆனா ரப்பர் மருந்தை யாராவது காயற மிளகுல தெளிப்பாளா?" என்று மீனாக்ஷியிடம் சொன்னார் வெங்கிட்டு. "அந்த மிளகு கெடைச்சா, உன் ஆத்துக்காரர் லீவரை இழுத்தது நிஜம்."

எந்தக் கிடங்கில் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தப் பட்டுப்புடவை நாடகம். இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு காட்டுகிறவன் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, முதலில் தன் வாயில் ஒரு மணியைப் போட்டு நறுக்கென்று கடிப்பான். கண்ணில் நீர் வந்தால் இன்னும் நல்லது. அப்புறம்தான் உள்ளங்கையை உங்கள் பக்கம் நீட்டுவான். கடிக்காமல் விலை சொல்கிறவனிடம் யாரும் உட்காருவதில்லை.

"அப்ப, கடிக்காதவன்தான் கள்ளன்" என்றாள் ரஜிதா.

"எத்தனை கெட்டவனா இருந்தாலும் தன் வாயில விஷம் போட்டுக்க மாட்டான்."

முதல் கிடங்கில் தாத்தாவும் பேரனும் ஆளுக்கு ஒரு மணி கடித்தார்கள். பேரனுக்கு விக்கல் எடுத்தது. இரண்டாவது கிடங்குக்காரர் நாலைந்து மணியை மொத்தமாகப் போட்டு மென்று, கண்ணீர் வழிய மீனாக்ஷியைப் பார்த்துச் சிரித்தார். சரக்கில் பப்பாளி விதை கலந்திருந்தது. அதை வெங்கிட்டு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். ஆனால் அது அந்தத் தெருவின் வழக்கமான நேர்மை. இன்றைய வேலை அதுவல்ல. மீனாக்ஷி உதட்டைச் சுளித்தாள். மூவரும் வெளியே வந்தார்கள்.

மூன்றாவது கிடங்கு ராமபத்ரனுடையது. வெங்கிட்டுவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அந்த வயதிலேயே பரீட்சையில் காப்பியடிக்கத் தன் பேப்பரைக் காட்டுவதற்கு நெல்லிக்காய் வாங்குவான். காட்டுகிற விடையோ தப்பாக இருக்கும்.

"வாடா வெங்கிட்டு" என்று மர நாற்காலியிலிருந்து எழாமலே வரவேற்றான். வெற்றிலைப் பெட்டி மடியில் இருந்தது. "துப்பறிஞ்சு வயறு நெறயலையா? தரகுக்கே திரும்பி வந்துட்டயே."

"ரத்தத்துல ஊறினதுடா. மாமிக்கு துபாய் ஜெபல் அலில மூணு கடை. மசாலாவுக்கு மட்டும் தனிக் கடையாக்கும்."

ராமபத்ரனுக்கு வெங்கிட்டு யார் என்று தெரியும். இன்னொரு நாளாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். ஆனால் பட்டுப்புடவையின் ஜரிகையை எடை போட்டுக்கொண்டிருந்த கண்ணுக்கு வேறு எதற்கும் நேரமில்லை. ஆளைக் கூப்பிட்டு உள் அறையிலிருந்து ஒரு சாக்கை இழுத்துவரச் சொன்னான். உள் அறை. வெளியே அவ்வளவு மிளகு அடுக்கியிருக்க, உள் அறையிலிருந்து. வெங்கிட்டு கைக்குட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

சாக்கின் வாயைப் பிரித்தார்கள். மிளகு பளபளத்தது. அப்படி ஒரு பளபளப்பை இயற்கை எந்த மிளகுக்கும் கொடுத்ததில்லை. எண்ணெய் பூசியிருந்தான். எண்ணெய் பூசுவது அந்தத் தெருவுக்குப் புதிதில்லைதான். ஆனால் எண்ணெய்க்கு அடியில், மிளகின் சுருக்கங்களுக்குள், பழைய செம்புப் பாத்திரத்தின் அடியில் பிடிக்கிற களிம்பின் நிறத்தில் ஏதோ ஒளிந்திருந்தது.

ராமபத்ரன் ஒரு பிடி அள்ளினான். உருட்டினான். மணத்தையும் கனத்தையும் வயநாட்டுக் காற்றையும் வர்ணித்தான். விலை சொன்னான்.

வாயில் போடவில்லை.

"என்னடா, கடிச்சுக் காட்ட மாட்டயா?" என்று வெங்கிட்டு சாதாரணமாகக் கேட்டார்.

"பல்லு ஆடறதுடா. டாக்டர் கட்டியானது ஒண்ணும் கடிக்கப்படாதுன்னுட்டார்." அப்படிச் சொல்லிவிட்டு, கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு கொட்டைப் பாக்கை எடுத்து வாயில் போட்டான். கடக் என்று சத்தம் கேட்டது.

ரஜிதா வெங்கிட்டுவின் தோள் பக்கம் சாய்ந்தாள். "ஆடற பல்லு பாக்கை அரைக்குது சாரே. மிஷினா என்ன?"

வெங்கிட்டுவின் திட்டம் எளிது. சாம்பிள் என்று ஒரு பிடியை முடிந்துகொண்டு, ரேட் யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வெளியே போய் அதிகாரிகளைக் கூப்பிடுவது. அந்தத் திட்டத்தை மீனாக்ஷியிடமும் சொல்லியிருந்தார்.

மீனாக்ஷி கணக்கு டீச்சர். வெங்கிட்டுவின் திட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பதை அவள் ஆட்டோவிலேயே கண்டிருந்தாள். ஒரு பிடி மிளகை வைத்து மிளகில் மருந்து இருக்கிறது என்று நிரூபிக்கலாம். ராமபத்ரனுக்கு அது தெரியும் என்று எப்படி நிரூபிப்பது? தெரியாமல் வாங்கினேன் என்று அவன் கையை விரித்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அங்கேயே செத்துவிடும்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். சாக்குக்குள் கையை விட்டு, ஒரு மணியை எடுத்து, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே உதட்டருகில் கொண்டுபோனாள்.

ராமபத்ரன் பாய்ந்தான். அந்த உடம்பு அப்படிப் பாயும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வெற்றிலைப் பெட்டி உருண்டது. அவள் கையில் ஒரே அடி. மிளகு எங்கோ தெறித்தது.

"வாயில வெக்காதம்மா" என்றான்.

சாக்கு இழுத்து வந்த ஆள் மெல்லப் பின்வாங்கி வாசலோடு போய்விட்டான்.

வெங்கிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு கன்டெய்னர் நிறைய ஏற்றி முகம் தெரியாத ஊருக்கு விற்கத் தயார். எத்தனை வீட்டு ரசத்தில் கொதிக்கும், எத்தனை குழந்தைக்குச் சளி மருந்தாகும் என்பதெல்லாம் இவனுக்குப் பொருட்டில்லை. எதிரில் நின்ற ஒருத்தி ஒரே ஒரு மணியைக் கடிக்கப் போனதைத்தான் இவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"முழுக் கெட்டவனாக் கூட இருக்கத் தெரியலையேடா உனக்கு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அலர்ஜி ஆயிடுமோன்னு..."

"நான் துபாய் இல்லை" என்றாள் மீனாக்ஷி. அன்றைக்கு அவள் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அது. "அந்த ஏரோப்ளேனை ஓட்டினவரோட ஆத்துக்காரி."

அதற்குப் பிறகு ராமபத்ரன் பேசியதில் பாதி இருமல், பாதி வாக்குமூலம். வெங்கிட்டு நினைத்திருந்தது வேறு. முற்றத்துக்காரன் கெட்ட மிளகை மலிவாகத் தள்ளிவிட்டான், இவன் அற்பத்தனமாக வாங்கிப் போட்டான், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். கதை அங்கே முடியவில்லை. முற்றத்துக்காரனிடமிருந்து மிளகை வாங்கியது பினு. விமானம் விழுந்த சற்று நேரத்திலேயே ஓடிப்போய், நல்ல மிளகுக்குரிய விலையையே கொடுத்து, வாயையும் சேர்த்து வாங்கிவிட்டார். லாரி அனுப்பியது ராமபத்ரன். அவனுக்குத் தனியாகக் கூலி. வேலை ஒன்றே ஒன்று: கொப்பரைச் சூளையில் போட்டு அத்தனையையும் சாம்பலாக்கிவிடுவது.

"எரிக்கக் கூலி வாங்கினே. ஏன் எரிக்கலை?"

ராமபத்ரன் வெங்கிட்டுவை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு முதன்முறையாக அவன் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

"மிளகைப் போய் எப்படிடா எரிக்கறது?"

இதுதான் பினு செய்த தப்பு. விமானம், எஞ்சின், விசாரணை என்று எல்லாவற்றையும் யோசித்தவர், மட்டாஞ்சேரி வியாபாரியிடம் மிளகைக் கொடுத்து எரிக்கச் சொன்னார். குழந்தையைக் கொடுத்து விற்கச் சொல்லியிருந்தால்கூட இவன் ரேட் கேட்டிருப்பான். மிளகை எரிப்பது மட்டும் இவன் கையால் ஆகாது. கழுவினான், காயவைத்தான், எண்ணெய் பூசினான், நல்ல பார்ட்டி வரட்டும் என்று உள் அறையில் காத்தான்.

"போன் போடு" என்றார் வெங்கிட்டு. "ஸ்பீக்கர்ல. துபாய் பார்ட்டி வந்திருக்கு, நல்ல ரேட் கேக்கறா, குடுக்கட்டுமான்னு கேளு."

"நான் ஏன்டா என் வாயால..."

"நாளைக்கு விசாரணைல ரெண்டு பேர்ல ஒருத்தன் மாட்டிக்கணும். சொல்லிக் குடுத்தவனா, செஞ்சவனா? நீ வியாபாரி. எது நஷ்டம் கம்மின்னு நீயே பாரு."

அந்தக் கணக்கை ராமபத்ரன் மிக வேகமாகப் போட்டான். விரல் தானாகவே எண்ணை அழுத்தியது. ரஜிதா தன் போனைப் பக்கத்திலிருந்த சாக்கின்மேல் வைத்து, பதிவுப் பொத்தானைத் தட்டினாள்.

பினு எடுத்தார். ராமபத்ரன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். மறுமுனை வெடித்தது.

"எடோ, அது கத்திச்சு களயான் பறஞ்சதல்லே?" எரித்துத் தொலைக்கத்தானே சொன்னேன் என்று ஆரம்பித்த மலையாளம் நிற்கவில்லை. அந்த மிளகு வெளியே வந்தால் அந்தப் பைலட் மருந்தைக் கொட்டியது தெரிந்துவிடும், பைலட் மேல் தப்பில்லை என்றால் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், பழுது பார்க்க வேண்டிய கெடு தாண்டியும் பறக்கவிட்டது தெரிந்துவிடும், நீ என்னைக் குழி தோண்டிப் புதைக்கப் பார்க்கிறாய். விசாரணை அதிகாரிக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் எடுத்துச் சொல்லியிருக்க முடியாது. மீனாக்ஷி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு மறுமுனையில் ஒரு மௌனம். போனை வைத்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பினுவின் குரல் மறுபடி வந்தபோது சூடு தணிந்திருந்தது.

"அல்ல... எத்ர கிட்டும்?"

எவ்வளவு கிடைக்கும். அவ்வளவுதான் கேட்டார். பங்கு உண்டா என்பதையும் அந்தக் குரல் கேட்காமல் கேட்டது.

வெங்கிட்டு எட்டிப் போனை அணைத்தார். முதலில் பேசியது ராமபத்ரன்.

"டெஸ்டுக்கு ஒரு பிடி போறாதோடா? மிச்ச சாக்கெல்லாம் திரும்பக் குடுப்பாளோன்னோ?"

வெங்கிட்டுவுக்கு அவனை அடிக்கக்கூடக் கை கூசியது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் விசாரணை அலுவலகத்துக்கும் போன் செய்தார். அவர்கள் வரும்வரை உள் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காரும்படி ரஜிதாவிடம் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்த ரஜிதா உட்காரவில்லை.

"சாரே, வெளியே இழுத்தது போக, அடுக்குல இன்னொரு சாக்கு எடமும் காலி. தரையில தடம் இருக்கு."

ராமபத்ரன் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். ஒரே ஒரு சாக்குதான், விலை போகிறதா என்று பார்ப்பதற்காக, பக்கத்துத் தெரு மாவு மில்லுக்குப் போனது என்றான். அங்கே தூளாக்கிச் சில்லறையில், இந்தத் தெரு வண்டிக்காரர்களுக்கு...

ரஜிதா கேட்டு முடிக்கவில்லை. வாசலுக்கு ஓடினாள். ஓடையோரம் குனிந்து நின்றவளைப் பார்த்து ஒரு ஆடு ஒதுங்கிப் போனது. வெங்கிட்டு தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

"வந்தது முழு முட்டையும் சாரே" என்றாள் வாயைக் கொப்பளித்துவிட்டு. "போகலாம். அதுக்கு முன்னாடி அந்த டப்பாவைப் பிடுங்குங்க. ரெண்டு பேர் தின்னுட்டு நிக்கறாங்க."

வெங்கிட்டு தள்ளுவண்டிக்குப் போய்த் தகர டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். தின்றுகொண்டிருந்த இரண்டு பேரின் முட்டையையும் வாங்கி ஓடையில் போட்டார். அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வண்டிக்காரன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அவனுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தத் தெருவில் அன்றைக்கு ஏமாற்றப்பட்டவர்களில் அவனும் ஒருவன்.

திரும்பி வந்தபோது மீனாக்ஷி கிடங்கின் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையில் மிளகுத் தூசி. போன் காதில்.

"ஆமா, நெஜமாவே. கறுப்பா ஒரு வீட்டு முத்தம் தெரிஞ்சதுன்னு சொன்னேளே, இருந்தது. மருந்து அதுமேலதான் விழுந்திருக்கு. நாளைக்கு எல்லாம் சரியாயிடும்."

மறுமுனையில் சுதர்ஷன் ஏதோ கேட்டான்.

"மாமா," என்று வெங்கிட்டுவைப் பார்த்தாள், "அன்னைக்கு முத்தத்துல மனுஷா யாராவது நின்னுண்டு இருந்தாளான்னு கேக்கறார். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்ச நாள்லேர்ந்து அதையேதான் கேட்டுண்டிருக்கார்."

இந்தக் கேஸில் வெங்கிட்டு பேசிய அத்தனை பேரில், அதைக் கேட்டவன் சுதர்ஷன் ஒருவன்தான்.

"யாரும் இல்லை. பால் வெட்டறவன் சொன்னான். வெறும் மிளகுதான் இருந்ததுன்னு சொல்லு."

அவள் சொன்னாள். வெங்கிட்டு காலையிலிருந்து மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.